சங்க வரலாறும் பாவாயி சொன்ன சாமியும்

மாசி 3, திங்கள்

மாசியிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். பள்ளிக்கூடம் விட்டு நேரே பாலர் சங்கம். பந்துக்குக் காற்றடிக்க வேண்டும். சோப்பு வாங்க வேண்டும்.

சங்கத் தலைவர் வந்தார். ரிடையரான சப்-ஜட்ஜ், தஞ்சாவூர்ப் பக்கம், அஸ்தம்பட்டியில் பங்களா. ஆண்டு விழாவில் வாசிக்கச் ‘சங்க வரலாறு’ நான் எழுத வேண்டுமாம்.

வரலாறு என்ன பெரிய வரலாறு! உலகச் சண்டை வந்து நூலுக்குக் கண்ட்ரோல். தறி நின்றது. குமாரபாளையம், ராசிபுரம் பக்கத்துக் குடும்பங்கள் சேலத்து மில்லுக்கு வந்தன. பெற்றவர்கள் மில்லுக்குள்ளே, பிள்ளைகள் ரோட்டில். ஒரு பிள்ளை கால்மேல் வண்டி ஏறியது. ஜவுளிக்கடை ராவுத்தர் தம் கிடங்கைத் திறந்துவிட்டு, “டீச்சரம்மா, சாயங்காலம் வந்து பாத்துக்கங்க” என்றார். அப்படித்தான் தொடக்கம். கட்டடம், கமிட்டி, தலைவர் எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை.

மாசி 5, புதன்

எழுதிக் கொடுத்தேன். ராவுத்தர் பெயரைத் தலைவர் சிவப்பு மசியால் அடித்தார். “அதெல்லாம் சின்ன விஷயம்மா.” ஸ்தாபகர் என்று தம் பெயரைப் போட்டுக்கொண்டார். வெட்கம்கெட்ட மனுஷர்.

அந்நேரம் பாவாயி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். தறிக்காரர் மகள், பதினோரு வயசு. சின்னதுகளை மேய்ப்பது அவள்தான்.

“குடிங்க சாமி” என்றாள்.

தலைவர் உருகிவிட்டார். “பார்த்தேளா, என்ன பக்தி!” உடனே வரலாற்றில் ஒரு வரி ஏறியது: ‘பட்டிக்காட்டுப் பிள்ளைகள் எம் பராமரிப்பில் பணிவு கற்று, எம்மைச் சாமி என்றே அழைக்கின்றனர்.’ விழாவில் அவருக்கு மாலை போடுவதும் பாவாயியே.

இந்த ஊர்ப் பக்கம் பேச்சில் கிழவரும் சாமி, கைக்குழந்தையும் சாமி. சொல்ல வாயெடுத்தேன். பேசவிட்டால்தானே! சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

மாசி 7, வெள்ளி

கருப்பனுக்குச் சளி. நாலு வயசு. அவன் அம்மா மில்லில் கக்கூஸ் கழுவுகிறவள். பாவாயி மூக்கைப் பிடித்து, “சிந்து சாமி, நல்லாச் சிந்து.”

தலைவர் வாசலில்.

“என்னையும் இந்தத் தோட்டிப் பயலையும் ஒரே வார்த்தையாலா?”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சின்னப் புள்ளைங்க, சாமி. வேற என்னன்னுங்க கூப்புடறது?” அதிலும் ஒரு சாமி!

தீர்ப்பாகிவிட்டது. சாமி இனித் தலைவருக்கு மட்டும். கருப்பன் உள்ளே வரக்கூடாது. கமிட்டியில் எல்லாரும் காபி குடித்தார்கள். தூ.

சாயங்காலம் அவன் அம்மா கும்பிட்டாள். “ரோட்டுல உட்டா வண்டில அடிபட்டுருவானுங்க, டீச்சர்.” தலைவரிடம் போய்ப் பேசினேன். “நீங்க வரலாற்றை மட்டும் வாசிச்சாப் போதும்” என்றார் தலைவர். இவரையெல்லாம் எப்படி ஜட்ஜாக வைத்திருந்தார்கள்?

மாசி 9, ஞாயிறு

ஆண்டு விழா. வாழைமரம், ரோஸ் சர்பத், புளுகு. கருப்பனை வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். வெயிலில் நின்றான்.

வரலாறு வாசித்தேன். ராவுத்தர் பெயரைச் சேர்த்தே வாசித்தேன். சாமி வரியை விட்டுவிட்டேன். தலைவர் இரண்டு தடவை கனைத்தார். கனைக்கட்டும்.

பிறகு மாலை. பாவாயி மேடையேறினாள். அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு, “என்ன சொல்லணும்? சொல்லு” என்றார்.

அவள் வாசலைப் பார்த்தாள்.

“சாமி வெளிய நிக்குதுங்க.”

மாலையோடு இறங்கி வாசலுக்கு நடந்தாள். பின்னாலேயே பிள்ளைகள் அத்தனை பேரும். தலைவர் கழுத்தை உள்ளே இழுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாசி 10, திங்கள்

மூட்டம். தலைவலி. பந்தில் மறுபடி காற்றில்லை.

சங்கத்தில் ஒரு பிள்ளை கிடையாது. பெஞ்சுகள், தலைவர், கமிட்டி.

“வராட்டாப் போகட்டும். ஆண்டறிக்கையில ‘வருகை திருப்திகரம்’னு போட்டுடுங்கோ” என்றார் தலைவர்.

பேனாவை அவரிடமே நீட்டினேன். கூசாமல் வாங்கி எழுதினார்! சங்கத்துச் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மில் ரோட்டோரம் பிள்ளைகள். பஞ்சு வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன. பாவாயி கருப்பனைக் கீழே இறக்கவே இல்லை.

“எங்கீங்க டீச்சர், இனி நாங்க உக்கார்றது?” கேட்டுக்கொண்டே அவனை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.