இன்னொரு உருண்டை

அன்புள்ள தம்பி உருண்டைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய். மாடிப்படி ஏறினாலே உனக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்கிறது என்று உன் மனைவி எழுதியிருக்கிறாள். நான் அவளைத்தான் நம்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தத் துடிப்பைச் சரிசெய்யக் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட்டாயாமே. "கரண்ட் வைக்க நான் என்ன பல்பா?" என்று கேட்டாயாம். இதே கோளாறுக்காக உன் ஆபீஸ் நண்பருக்குப் பழைய முறையில் இதயத்துக்குள் சூடு வைத்தபோது, இதயத்தை ஒட்டியிருக்கும் உணவுக்குழாயும் புண்ணாகி, அவர் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்ததைப் பார்த்தவன் நீ. உன் பயம் நியாயம்தான்.

அதனால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மாட்டு டாக்டர் என்று கேலி செய்வாயே, இப்போது நான் பன்றி டாக்டர். சூட்டுக்குப் பதில் இதயத்துக்குள் மின்துடிப்பு செலுத்தும், உனக்குச் செய்யப்போவது மாதிரியான புதிய குழாய் ஒன்றைப் பன்றிகளிடம் சோதிக்கிறோம். மயக்கமருந்து என் பொறுப்பு. இங்கே பன்றிகளுக்கு எண் மட்டும்தான், பெயர் வைக்கக் கூடாது. நான் வைத்துவிட்டேன். எடை மேடையில் ஏற மாட்டேன் என்று ஒன்று சுருண்டு படுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நீ படுத்த அழகைப் பார்த்தவளுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? கோபித்துக்கொள்ளாதே. "டாக்டர், உங்க தம்பி சாப்பிட்டாரா?" என்று இன்ஜினீயர் தினமும் விசாரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

சிகிச்சையன்று அந்த உருண்டையைத் தூங்க வைத்தேன். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் இதயத்துக்குள் போனது. இயந்திரம் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யாது. சுழலும் கயிற்றுக்குள் குதிக்கக் காத்திருக்கும் சிறுமி மாதிரி, ஒவ்வொரு துடிப்பையும் பார்த்துச் சரியான இடைவெளியில்தான் மின்சாரத்தை விடும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். மாலையில் விழித்ததும் என் முழங்காலை முட்டி ஆப்பிள் கேட்டது.

சில வாரம் கழித்து, உள்ளே பார்க்கும் நாள் வந்தது. உயிரோடு வைத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியாது. தூங்க வைத்தவரே கடைசி ஊசியும் போடுவது எங்கள் வழக்கம். "இத நான் பாத்துக்கறேன், நீங்க வெளிய இருங்க" என்றார் பெரிய டாக்டர். மாட்டேன் என்றேன். காதைத் தடவிக்கொண்டே போட்டேன். எல்லோர் முன்னாலும் அழுதேன்.

பிறகு கையுறை மாட்டினேன். இதயத்தில் நாங்கள் குறிவைத்த வளையம் மட்டும் வெளுத்திருந்தது. பக்கத்திலேயே போகும் உணவுக்குழாயை நீளவாக்கில் பிளந்து விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. பன்றிக்கு நடந்ததுதான் மனிதனுக்கும் நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உன் டாக்டர் கையில் இருக்கும் குழாய் இதே மாதிரிச் சோதனைகளை முன்பே தாண்டி, எத்தனையோ பேருக்குச் செய்து பார்த்த பிறகு வந்தது. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

போய் மறுபடி தேதி வாங்கு. லீவு சொல்லி வைத்திருக்கிறேன், நீ சொன்னதும் கிளம்பிவிடுவேன். அந்த உருண்டையை இரண்டாம் தடவை என்னால் எழுப்ப முடியவில்லை. நீ எழுந்திருக்க வேண்டும், தம்பி. கண் திறந்ததும், பன்றிக்கா என் பேரை வைத்தாய் என்று கட்டிலில் இருந்தபடியே என்னைத் திட்டு. நூறு வயது வரை திட்டிக்கொண்டே இரு.

உன் வரவை அல்ல, உன் தேதியை எதிர்பார்த்திருக்கும்
அக்கா