எர்த் வயருக்கு அடியில்

என்ன கேட்டாலும் சிரித்தே மழுப்பும் என் மாமாவுக்கு,

ஜீப் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பீர்கள், என்னை அப்புறம்தான். நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான்தான் அதை ஓட்டுகிறேன். ராசிங்காபுரத்துப் பெண்களை ஏலக்காய் பறிக்கப் போடிமெட்டுக்கு ஏற்றிப் போகிறேன்.

எங்கே போனாலும் வண்டியைச் சரிவில்தான் நிறுத்துவீர்கள். ஏனென்று இப்போதுதான் தெரிகிறது. சரிவில் உருட்டி கியரைப் போட்டால் கிளம்பிவிடும். சமதரையில் சாவியைத் திருப்பினால் முக்கி முனகி நின்றுவிடும். இதை ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை?

போடிமெட்டில் டீக்கடைப் பக்கம் சமதரை. அணைத்தால் கிளம்பாது என்று இன்ஜினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். "ஏக்கா, ஒரு டீ குடிக்கக்கூட எறங்க மாட்டியா?" என்று பறிக்க வரும் பேச்சி கேட்பாள். ஒன்றுக்குப் போவதைக்கூட அடக்கிக்கொள்வேன்.

உங்கள் அண்ணன் சும்மா இருப்பாரா? "கெளம்பாத வண்டிய வச்சுக்கிட்டு எதுக்கும்மா மல்லுக்கட்டுற? வித்துப்போட்டு எங்க வீட்டோட வந்து இரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாங்க ஆள் கூட்டி வருவதாகவும் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் எனக்குத் தரப்போகும் அந்தப் பின்கட்டு அறையை நினைத்தாலே மூச்சு முட்டியது.

பேட்டரி புதிது. சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் கழற்றிப் பார்த்தாயிற்று. உருட்டினால் கிளம்புகிறதென்றால் இன்ஜினில் கோளாறு இல்லை, கரண்டுதான் எங்கோ தடைபடுகிறது. சனிக்கிழமை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். பேட்டரியிலிருந்து வந்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் முடுக்கியிருந்த எர்த் வயரின் முனை விரலைச் சுட்டுவிட்டது.

போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயிண்ட். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் சேசிஸுக்குப் பெயிண்ட் அடிப்பீர்களே, அந்த போல்ட்டையும் கழற்றி, ஓர் இடம் விடாமல் அடித்துத் தொலைத்திருக்கிறீர்கள். அப்புறம் பெயிண்டைத் தாண்டி இரும்புக்குக் கரண்டு எப்படிப் போகும்? கறுப்புக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் நம் கல்யாண வருஷத்துச் சிவப்பு. சுரண்டச் சுரண்ட அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை.

மறுநாள் உங்கள் அண்ணன் ஆளோடு வந்தார். வண்டி வாசலில் சமதரையில் நின்றது. சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. வந்த ஆள், "நல்லாத்தான இருக்கு, என்ன வெல சொல்றீக?" என்றார்.

"இது விக்கிற வண்டி இல்லண்ணே" என்றேன். உங்கள் அண்ணன் செருப்பை மாட்டினார்.

ஆனாலும் திங்கட்கிழமை போடிமெட்டில் இன்ஜினை அணைக்கக் கை வரவில்லை மாமா. பேச்சிதான் எட்டி அணைத்தாள். டீக்கடைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இந்தப் பயம் எப்போது போகும்?

வருகிற ஆயுத பூசைக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன், சிவப்பே அடிக்கிறேன். அந்த போல்ட்டுக்கு அடியில் மட்டும் அடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உங்கள் பொண்டாட்டி