ஆறு மணித்தியாலம் பிரமாதம்

2024 பெப்ரவரி 10, சனி

மழை. தோட்ட ஆபீசின் கூரை ஒழுகி, கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்துக்கொண்டு அரை நாள் வேலை பார்த்தேன். கிளாக்கர் உத்தியோகத்தின் கௌரவம் அப்படி.

நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் மதுஷாவுக்கு நேர்முகப் பரீட்சை, தாதிப் பயிற்சிக்கு. மடுல்சீமையில் எங்கள் டிவிஷனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. எப்படிப் போவது என்பதில் வீட்டில் சண்டை. ராத்திரி பஸ்ஸில் போவோம் என்கிறாள் மகள். இன்றைக்கே போய் எங்காவது தங்குங்கள் என்கிறாள் அவள் அம்மா அன்னலட்சுமி. நான் இரண்டையும் தள்ளுபடி செய்துவிட்டு, ஞாயிறு மாலை பதுளையில் புறப்படும் ரயில், மெயில் கோச்சி என்று தீர்ப்புச் சொன்னேன். விடிய நாலு மணிக்குக் கொழும்பு. முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, ஆற அமரப் போகலாம்.

"பஸ்ஸு பிள்ளைக்கு ஒத்துக்காது" என்று காரணமும் சொன்னேன்.

"எனக்காப்பா?" என்றாள் மதுஷா.

பஸ்ஸில் வாந்தி எடுப்பது யார் என்று இந்த நோட்டில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பெப்ரவரி 13, செவ்வாய்

நேற்று எழுதக் கை வரவில்லை.

நாலு மணிக்குப் போக வேண்டிய மெயில் பத்தேகாலுக்குப் போய் நின்றது. வழியில் தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டதாம். மழைக்கு விழுந்த மரத்தை யார் என்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு ஸ்டேசனிலும் ஒலிபெருக்கியில் 'ப்ரமாதயி, ப்ரமாதயி' என்று தாமதத்தைச் சிங்களத்தில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். நான் அரை மணிக்கு ஒரு தடவை, "இனிமே எறக்கம்தாம்மா, வேகம் புடிச்சிருவான்" என்று மகளுக்குத் தைரியம் சொன்னேன். எஞ்சின் டிரைவர் என் மச்சான் மாதிரி.

பதினொன்றேகாலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். பெயர் கூப்பிட்டு முடித்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அங்கிருந்த அதிகாரி அம்மா நல்லவர். கோச்சி தாமதமானதற்கு எழுத்தில், முத்திரையோடு அத்தாட்சி தந்தால் மார்ச் நாலாம் திகதி வைக்கும் இரண்டாவது நாளில் சேர்த்துக்கொள்வோம் என்றார். மார்ச் முதலாம் திகதிக்குள் ஈமெயிலிலாவது வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான், அதுவும் வயது எல்லையைப் பார்த்து.

மதுஷா அழவில்லை. மாற்றிக்கொள்ள நேரமில்லாமல் பையிலேயே கிடந்த வெள்ளைச் சேலையை எடுத்து, கசங்காமல் மறுபடி மடித்து வைத்தாள். "பரவால்லப்பா." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வயிற்றுக் குமட்டலுக்காகப் பிள்ளையின் ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது?

பெப்ரவரி 14, புதன்

லீவு போட்டுவிட்டுப் பதுளை ஸ்டேசனுக்குப் போனேன். அத்தாட்சிக் கடிதம் என்று தனியாக ஒன்று கிடையாதாம். நட்டஈடு கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். கொழும்பு ஆபீஸ் அதற்கு ஒரு இலக்கம் கொடுக்கும். இலக்கம் வந்தால்தான் எந்தக் கடிதமும். எத்தனை நாள் ஆகும்? மூன்று மாதம், சில வேளை ஆறு மாதம் என்றார் கவுண்டரில் இருந்த தம்பி, என்னமோ கோச்சி நேரம் சொல்வதுபோல.

"டிக்கட் இருக்கா?"

இல்லை. இறங்கும்போது வாசலில் வாங்கிக்கொண்டார்களே. டிக்கட்டைக் கொடுக்காமல் வெளியே விடமாட்டார்கள், டிக்கட் இல்லாமல் நட்டஈடு தரமாட்டார்கள். அப்படியானால் கேட்கத் தகுதியுள்ளவன் இன்னும் ஸ்டேசனுக்குள்ளேயே இருப்பவன்தான். இதை அழகாகச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன். என் சிங்களம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். அதைத் தவிர வேறு பலன் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால் மதுஷா போனை நீட்டுகிறாள். கோச்சியில் ஏறியதும் டிக்கட்டைக் கையில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறாள், கூட்டாளிமாருக்குக் காட்ட. டிக்கட்டுக்குப் பின்னால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நட்டஈட்டுக்கு என் முகமும் அத்தாட்சி.

பெப்ரவரி 16, வெள்ளி

விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

தமிழ்ப் படிவம் ஒன்று பழைய ஜெராக்ஸில் கிடைத்தது. விபரம் எழுத நாலு விரல் அகலக் கட்டம். "சும்மா தாமதம்னு எழுதிக் குடுங்கப்பா" என்றாள் மதுஷா. எழுதுவது யார்? இருபது வருடமாக இந்தத் தோட்டத்துக்கே பெட்டிசம் எழுதுகிறவன். லயத்துக் கூரைக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, கக்கூசுக்கு என்று நூறாவது எழுதியிருப்பேன். அதில் பலித்தது மூன்று. மூன்றில் ஒன்று தானாகவே சரியானது. ஆனாலும் ஊரில் 'பெட்டிசம் ஜெயராசா' என்றால் ஒரு பெயர் இருக்கிறது. வெறும் தாமதம் என்றா எழுதுவேன்? ஆபீஸ் பாஷை வேண்டாமா?

எழுதியதை இங்கேயும் ஒரு பிரதி வைக்கிறேன். பிற்காலத்தில் யாருக்காவது உதவும்.

'11ஆந் திகதி பதுளையிலிருந்து புறப்பட்ட மெயில் கோச்சி ஆறு மணித்தியாலம் பிரமாதம். இதை என் ஆயுளில் மறக்க முடியாது. கடமையிலிருந்தவர்களைக் கவனித்துத் தகுந்தது செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.'

சுருக்கம், காரம், மரியாதை எல்லாம் இருக்கிறது. வாசித்துப் பார்த்து நானே தலையாட்டிக்கொண்டேன்.

பெப்ரவரி 21, புதன்

பதில் இல்லை. கவுண்டர்த் தம்பி என்னைத் தூரத்தில் கண்டதுமே தலையை ஆட்டுகிறார்.

மதுஷா கார்மண்ட் ஆலையில் தையல் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். மார்ச் ஐந்தாம் திகதி ஆள் ஏற்ற வேன் வரும். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கார்மண்டில் என்ன குறை, எத்தனையோ பிள்ளைகள் போகிறார்கள்தான். ஆனால் இவள் ஏழாம் வகுப்பிலிருந்து மருந்துக் காம்பராவில் போய் நின்று, கட்டுப் போடுவதை வேடிக்கை பார்த்தவள்.

பெப்ரவரி 27, செவ்வாய்

கடிதம் வந்தது!

பதினோரே நாளில். மேலே இலக்கம், கீழே முத்திரை, எல்லாம் இருக்கிறது. ஆபீசிலேயே எல்லோருக்கும் முன்னால் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது.

'தாங்கள் மேற்கொண்ட பயணம் ஆறு மணித்தியாலமும் பிரமாதமாக அமைந்ததாகவும், அதை ஆயுளில் மறக்க முடியாதெனவும் தெரிவித்தமைக்கு எமது நன்றி. தங்களது பாராட்டு, தாங்கள் வேண்டியவாறே கடமையிலிருந்த உத்தியோகத்தர்களுக்கு அறிவிக்கப்படும்.'

மூன்று தடவை வாசித்த பிறகுதான் உறைத்தது. சிங்களத்தில் ப்ரமாத என்றால் தாமதம். தமிழில் பிரமாதம் என்றால் - என்னவென்று குழந்தைக்கும் தெரியும். முப்பது வருடமாக ஸ்டேசனிலும் அரசாங்கக் கச்சேரியிலும் தபால் கந்தோரிலும் அந்தச் சிங்களச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, அது எனக்கு ஆபீஸ் தமிழாகவே ஆகிவிட்டது. கொழும்பில் இருந்த யாரோ ஒரு நல்ல தமிழ் ஆள் அதை நல்ல தமிழாகவே வாசித்துவிட்டார். அவர் மேல் என்ன பிழை?

புகாருக்கு ஆறு மாதம், பாராட்டுக்குப் பதினொரு நாள். இதையும் கவனித்துக்கொள் ஜெயராசா, அடுத்த பெட்டிசத்துக்கு உதவும்.

அன்னலட்சுமி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா. வேலை முடிந்து வந்ததும் கடிதத்தை நீட்டினேன். படித்தாள். படிவத்தின் பிரதியையும் கேட்டு வாங்கிப் படித்தாள்.

"என்னாங்க, தாமதம்கிறது நாலெழுத்து. அத எழுத ஒங்களுக்கு என்னா வருத்தம்? எங்க காம்பராவுல மூணு வயசுப் புள்ள சொல்லுமே."

மதுஷா உள்ளே போய்விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

பெப்ரவரி 28, புதன்

லீவு கிடைக்கவில்லை. நாளைக்குப் போகிறேன். போய் என்ன சொல்வது? பாராட்டை வாபஸ் வாங்குகிறேன் என்றா?

பெப்ரவரி 29, வியாழன்

முழுவதும் எழுத வேண்டும்.

ஸ்டேசனுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது நோட்டீஸ் பலகை. நேர அட்டவணைக்குப் பக்கத்தில் என் விண்ணப்பத்தின் பிரதி, நாலு மூலையிலும் ஊசி குத்தி. என் கையெழுத்து. 'ஆறு மணித்தியாலம் பிரமாதம்.' நின்று வாசித்த ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இத எழுதினவன் பைத்தியக்காரனா இருப்பானோ" என்றார். "இருக்கும்" என்றேன்.

கவுண்டர்த் தம்பி என்னை உதவி ஸ்டேசன் மாஸ்டரிடம் அனுப்பினார். பெயர் லத்தீப், பதுளைக்காரர்தான், ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருடம் இருக்கும். மெயில் போன அன்று மாலை கடமையில் இருந்தவர். பெயரைச் சொன்னதும் எழுந்து கைகொடுத்து, பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். அங்கேதான் எனக்குப் புத்தி பிசகியது. அப்படியே பாராட்டியவனாகவே இருந்துகொண்டு, இனிக்கப் பேசி, போகிற போக்கில் ஒரு கடிதம் கேட்டு வாங்கிவிடலாமே என்று ஒரு நினைப்பு. வாயைத் திறந்தேன். மனுஷன் சீனிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"ஐயா, அது பாராட்டு இல்ல. புகார். நான்தான் சிங்களச் சொல்லத் தமிழ்ல எழுதிட்டேன். எம் பிள்ளைக்கு இன்ட்ரவியூ போயிருச்சு. நான்தான் கோச்சியில போவோம்னு கூட்டிக்கிட்டுப் போனேன்." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆள்.

லத்தீப் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு வந்த அண்டைக்கே வெளங்கிட்டு. நானும் வீட்ல தமிழ், வேலையில சிங்களம். மெயில் ஆறு மணித்தியாலம் நின்டதுக்கு எந்த மனுசன் பாராட்டி எழுதப் போறான்?"

"அப்ப ஏன் பலகையில மாட்டி வெச்சிருக்கீங்க?"

"இருவத்தாறு வருசத்துல எனக்கு வந்த ஒரே பாராட்டு. அதையும் வெளக்கம் சொல்லிக் கெடுக்கச் சொல்றீங்களா?"

அப்போதுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எனக்குக் கண்ணீரும் வந்தது, அதைத் தேத்தண்ணிச் சூடு என்று சொல்லிவிட்டேன்.

பிறகு கொழும்புக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "இலக்கம் இருக்குதானே" என்றார். இலக்கம் இருந்தால் பதிவேட்டிலிருந்து பிரதி எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டாம். பாராட்டுக்கு வந்த இலக்கமா புகாருக்கு வந்த இலக்கமா என்று எந்தச் சட்டத்திலும் கேட்கவில்லையாம். ஒழுங்காகப் புகார் எழுதியிருந்தால் இந்த இலக்கம் ஆடி மாதம்தான் வந்திருக்கும். அதாவது என் மடத்தனம் மட்டும்தான் இந்த வழக்கில் நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

பெரிய பதிவேட்டைப் புரட்டி, புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம் எல்லாம் பார்த்துச் சிங்களத்தில் எழுதினார். முத்திரை குத்தும் முன்னால், "தமிழ்லயும் ஒரு வரி போடவா?" என்றார்.

"போடுங்க. தாமதம்னு."

அங்கேயே போனில் படம் எடுத்து மதுஷாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஈமெயில் போய்விட்டது என்று பதில் வந்தது. இரண்டாவதாக இன்னொன்று: 'அம்மா சிரிக்கிறாங்க.'

மார்ச் 5, செவ்வாய்

நேற்று நேர்முகப் பரீட்சை முடிந்தது. ஞாயிறே பஸ்ஸில் போய், அன்னலட்சுமியின் தங்கை வீட்டில் தங்கினோம். பசறை வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. மதுஷா என் முதுகைத் தடவிவிட்டாள். நல்ல தாதி.

இன்று கார்மண்ட் வேன் வந்து, வாசலில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அவள் போய்க் கதவைத் திறக்கவில்லை.

மே 23, வியாழன்

தாதிப் பயிற்சிக்குத் தெரிவானவர்களில் மதுஷாவின் பெயர் வந்துவிட்டது. என்னைப் பற்றி ஒரு நாளாவது நல்லதாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் ஓடவில்லை. சந்தோஷம்.

ஜூலை 19, வெள்ளி

நட்டஈடாக வர வேண்டிய டிக்கட் காசு இன்னும் வரவில்லை. கவுண்டர்த் தம்பி, நினைவூட்டி ஒரு கடிதம் எழுதச் சொல்கிறார். கடுதாசியும் பேனாவும் எடுத்தேன். அன்னலட்சுமி பேனாவை வாங்கி வைத்துவிட்டாள்.

ஒக்டோபர் 30, புதன்

ஸ்டேசன் பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். நாளை தீபாவளி. பயிற்சிக்குப் போன பிறகு மதுஷா முதல் தடவையாக லீவில் வருகிறாள். பஸ்ஸில் வா என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை, கோச்சிதான் பிடித்திருக்கிறதாம்.

இரண்டு மணித்தியாலம் பிந்துகிறது. மடுல்சீமைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. ஒலிபெருக்கியில் லத்தீபின் குரல், 'ப்ரமாதயி' என்று. சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையை அசைக்கிறார். வேன் ஒன்று பேசித் தருகிறேன் என்றிருக்கிறார். பலகையில் என் கடிதம் இன்னும் இருக்கிறது, மஞ்சளாகி, ஒரு ஊசி குறைந்து.

இப்போது மகளிடமிருந்து மெசேஜ். ஜன்னலுக்கு வெளியே பனியும் தேயிலையுமாக ஒரு படம். கீழே: 'கோச்சி பிரமாதம்ப்பா.'

தமிழ்லயா சிங்களத்துலயா என்று கேட்டு அனுப்பினேன்.

'ரெண்டுலயும்.'