கைப்பிடி ஏன் ஓரமாக இருக்கிறது

அன்புள்ள நட்டுவுக்கு,

முதுகு தவிர மற்றதெல்லாம் இங்கே நலம். முதுகைப் பற்றிக் கேட்காதே. மூன்று தலைமுறை வண்டிகளை அதன்மேல் வைத்துத்தான் சோதித்தார்கள். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இத்தனை பேரை வேலை வாங்குகிறாய், காதை மூடு என்றால் மட்டும் இன்னும் முகம் சுளிப்பாய்.

காடு மேடு ஏறும் நம் வண்டியின் ஐந்தாம் தலைமுறைக்கு உள்பக்கம் முழுக்க நீதான் வரைகிறாய் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். நேற்றே சொல்லிவிட்டீர்கள் என்றார். சொன்னால் என்ன, தேய்ந்தா போகும்?

நீ கேட்டதற்கு வருகிறேன். பக்கத்து இருக்கைக்கு முன்னால் உள்ள கைப்பிடி ஏன் நடுவில் இல்லாமல் நாலு விரல்கடை கதவுப் பக்கம் தள்ளி இருக்கிறது, பழைய காகிதம் எதிலும் காரணம் இல்லை, பெரிய திரை வருவதால் அதை எடுத்துவிடப் போகிறோம், உங்களுக்குத் தெரியுமா மாமா என்று கேட்டிருந்தாய். தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாம் வண்டிக்கு இரும்புக் கூரையும் கதவும் வந்தன. கைப்பிடியும் அதில்தான் வந்தது. மூன்றாவதில் பட்டை வில் போய்ச் சுருள் வில் வந்தது, உட்காருகிறவர்களுக்குக் குடல் இடம் மாறுவது நின்றது. நாலாவதில், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கத் தனியாக இருந்த இரண்டாவது கியர் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு பொத்தான் வைத்தார்கள். கைப்பிடிக்கும் ரப்பர் உறை போட்டார்கள், பிறகு தோல் உறை, பிறகு வண்டியின் பெயர் பொறித்த தகடு. இடம் மட்டும் மாறவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் பழைய அளவைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

முதல் வண்டியில் கைப்பிடியே கிடையாது. கதவும் கிடையாது, குறுக்கே ஒரு சங்கிலி, மேலே கித்தான். முன்பலகை சிலேட்டு மாதிரி வழவழவென்று இரும்பு. நான் ஓட்டுவேன், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பெழுதுவார். ஷெட்டில் நோட்டுக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். அந்தக் குலுக்கலிலும் எழுத்து கோணாது. உனக்கு நட்டு என்று பெயர் வைத்ததும் அங்கேதான். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாய்.

வண்டியில் டக்டக்கென்று ஒரு சத்தம். மூன்று வாரம் தேடினோம். அந்த வேலையில் வழி ஒன்றுதான்: ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. கருவிப் பெட்டியைக் கழற்றினோம், மாற்றுச் சக்கரத்தைக் கழற்றினோம், கண்ணாடியைக் கழற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. ஒரு காலையில், அவர் இருக்கை பெல்ட்டின் அடிக்கொக்கிதான் இருக்கைக் கம்பியில் தட்டுகிறது என்று எனக்குத் தோன்றியது. நானே ஸ்பானரை எடுத்துப் பெல்ட்டைக் கழற்றிப் பின்னால் போட்டேன்.

மெதுவாக ஒரு சுற்றுப் போனோம். சத்தம் இல்லை. சத்தம் இல்லை என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு, "பெல்ட்ட மாட்டிட்டு அடுத்த சுத்து போலாமே மச்சான்" என்றார்.

"ஒரு சுத்துதானே, என்ன ஆயிடப் போகுது" என்றேன். வேகமாகவும் போனேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் தலைக்கேறியிருந்தது.

பாறை ஏற்றத்தில் என் பக்கச் சக்கரம் மேலே ஏறி வண்டி அவர் பக்கம் சாய்ந்தது. அவர் கை முன்பலகையில் பிடிப்பதற்கு எதையோ தேடியது. நான் பார்த்தேன். கை வழுக்கியது, சங்கிலி அறுந்தது. வண்டி தானாக நிமிர்ந்துகொண்டது. இருக்கை காலியாக இருந்தது.

பெல்ட் போடாமல் அசட்டையாக இருந்தார் என்று அறிக்கை எழுதினார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. உன் அம்மா, என் கூடப் பிறந்தவள், கடைசிவரை அதை நம்பினாள். நீ வண்டியில் ஏறும்போதெல்லாம் உங்கப்பா மாதிரி இருக்காதே என்று அதட்டுவாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். போன வருஷம் அவள் படுக்கையில் கிடந்தபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். பழத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாம் வண்டியை வரைந்தபோது கைப்பிடி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஏறி உட்கார வசதி என்று சொல்லிவைத்தேன். வரைபடக்காரர் அதை நடுவில் போட்டார். நான் சுண்ணக்கட்டியை எடுத்து, அளவு பார்க்க மரத்தில் செய்து வைத்திருந்த வண்டியில் ஓரமாகக் கோடு கிழித்தேன். ஏன் அங்கே என்றார். கை அங்கேதான் போகும் என்றேன். அனுபவஸ்தன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார்.

திரை வைப்பதும் கைப்பிடி வைப்பதும் உன் விருப்பம். இப்போது காற்றுப்பை, கதவு, நல்ல பெல்ட் எல்லாம் இருக்கின்றன. ஆனால் உன் கடிதத்தில், அப்பா மாதிரி நான் எதிலும் அசட்டையாக இருக்கமாட்டேன் மாமா என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அவர் பெல்ட்டைக் கேட்டார் நட்டு. கேட்டார்.

பதில் வராவிட்டால் தபால்காரரோடு சண்டைக்குப் போகமாட்டேன். நீ நன்றாக இரு. காதை மூடிக்கொள். ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் உன் மாமா என்று எழுதுவேன். இனிமேலும் அப்படி எழுதலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். அதுவரை,

இப்படிக்கு,
அன்று வண்டி ஓட்டியவன்