தே தர வரும் ஆள்

அக். 6, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. மேல்வீட்டுத் தண்ணீர் பால்கனியில் சொட்டுகிறது. வாளி வைத்தேன்.
வீட்டுக்காரர் இறந்தபின் அவருடைய வேதாகமத்தைத் திறந்தது இன்றுதான். அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் வைத்திருந்தார். அங்கிருந்தே தொடங்கினேன். காலையில் தேயிலை போட்டுத் தே கலக்கி என் கையில் கொடுத்துவிட்டு, சத்தமாகப் படிப்பார். நான் கேட்பவள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றேன், எழுத்துக் கூட்டத்தான் வரும். ஒரு வரி படித்தேன். போதும்.
தே கலக்கவில்லை. அவர் போனதிலிருந்து சுடுதண்ணீர்தான்.

அக். 7
நல்ல வெயில். துணி காய்ந்தது. பாசாரில் கங்கோங் கீரை வாங்கினேன்.
மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "கண்ணக் கெடுத்துக்காதீங்கம்மா. போன்லயே வேதம் படிக்கும்லா. படுத்துக்கிட்டே கேக்கலாம்."
வேண்டாம் என்றேன். போன் குரலுக்கு இருமல் வராது. அவருக்கு நடுநடுவே வரும்.
இன்றைய வரியில் ஒரு நீளச் சொல். தேத்-தர-வாளன். தே தர வரும் ஆள். இயேசு தாம் போனபின் அனுப்புவதாகச் சொன்னவர். நாள் முழுக்க அதே நினைப்பு. கருவாடு கருகிப்போனது. சோறு மட்டும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அக். 8
பக்கத்து பிளாக் லில்லி அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். வேதத்தில் கிடைத்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்: போகிறவர், நமக்குத் தே தர ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் போகிறார்.
ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும்.
லில்லி அக்கா: "ஐயோ தங்கச்சி, தேத்தண்ணிக் கடைக்காரர் இல்லலா. தேற்றரவாளன். ஆறுதல் தர்றவர், பரிசுத்த ஆவி."
"சீனி கொறச்சலாப் போடுவாராமா?" என்றாள் முதலில் சிரித்தவள்.
நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வேதத்தை அலமாரி மேலே வைத்துவிட்டேன்.

அக். 9
மூட்டம். படிக்கவில்லை. பால்கனி கழுவினேன்.
ஸ்டெல்லாவிடம், போனிலேயே வேதத்தைப் போட்டுத் தா என்றேன். "ஞாயித்துக்கெழம வந்து போட்டுத் தரேன்மா."
சரி. வீட்டில் சத்தமே இல்லை.

அக். 10
மறுபடி மழை. காலையில் லில்லி அக்கா வாசலில், தலை நனைந்து. கீழ்க்கடையில் வாங்கிய தே இரண்டு, பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டி.
"சிரிச்சது தப்புலா தங்கச்சி. எங்க வீட்டுக்காரர் செத்தப்ப என்னத் தேத்துனது யாரு? நீதானே தெனம் தே கலக்கிக் கொண்டாந்த. ஒரு வசனம் சொன்னியா?"
"எனக்கு வசனம் தெரியாதேக்கா."
"அதான். குடி, ஆறிடும்."
கோப்பையில் ஊற்றினேன். சீனி அதிகம். அவர் கலக்குவதுபோல் இல்லை. குடித்து முடித்தேன்.
அக்கா அலமாரியைப் பார்த்தார். "எடு. விட்ட எடத்திலிருந்து படி. நான் கேக்குறேன்."
எழுத்துக் கூட்டிக் கூட்டி நான்கு வரி. அக்கா திருத்தவில்லை. நடுவில் எனக்கு இருமல் வந்தது.
ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்தால் போதும்.