ஒரு வயிறு, ரெண்டு சந்தேகம்

என் ஆசை நைனாவுக்கு,

கம்பெனி பஸ்ஸையும் எங்களையும் பாதி வழியில் விட்டு இறங்கிப் போன டிரைவருக்கு, உன் மகள் ரேவதி எழுதுவது. நீ உயிரோடு இருந்திருந்தால் இந்த விஷயத்தை உன்னிடம் பேசியே இருக்க மாட்டேன். நாப்கின் விளம்பரம் வந்தாலே ரிமோட்டைத் தேடுகிற ஆள் நீ. இப்போது உன் கையில் ரிமோட் இல்லை. முழுக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாம் பப்பாளியில் ஆரம்பித்தது. அம்மா கேன்டீன் ஷிஃப்ட் முடித்து ஒரகடத்திலிருந்து வரும்போதெல்லாம் கையில் ஒரு பப்பாளி. காலையில் பப்பாளி, சாயங்காலம் எள்ளுருண்டை, ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷலாக அன்னாசி. கேட்டால்கூட ஒரு குச்சி ஐஸ் வாங்கித் தராத அம்மா இது. எனக்குச் சந்தேகம் வராதா?

"இன்னாம்மா, பழக்கடையில பார்ட்னரா சேந்துட்டியா?"

"துன்னுடி. ஒடம்புக்கு நல்லது."

"யார் ஒடம்புக்கு?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தாள்.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். மாதாமாதம் அந்த மூன்று நாள் நான் விளக்குப் பக்கம் போகக் கூடாது. ஆனால் சில மாதங்களாக நான் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஜாலி. தனித் தட்டு இல்லை, தனிப் பாய் இல்லை. அம்மா மட்டும் ஓரமாக நின்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

விஷயத்தை உடைத்தது என் கிளாஸ் தமிழரசிதான். "லூசு, பப்பாளி, எள்ளு, அன்னாசி எல்லாம் சேத்து எதுக்குக் குடுப்பாங்க? உங்கம்மா நீ முழுகாம கீறன்னு நினைச்சிக்கினு கீறாங்கடி!"

சிரித்தேன் நைனா. முதலில் சத்தமாக. அப்புறம் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

அன்று முதல் நானும் அம்மாவை வேவு பார்த்தேன். அவளுடைய சந்தேக லிஸ்டில் முதல் ஆள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் இசக்கி அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பார்ட்ஸ் கம்பெனியில் வேலை, என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார். ஒதுங்கிப் போவதே அம்மாவுக்குத் தப்பாகத் தெரிந்தது.

"தம்பி, ஊர்ல உனக்குப் பொண்ணு கிண்ணு பாக்கறாங்களா?"

"எங்க அக்காளுக்கே இன்னும் முடிக்கலையேக்கா. என்னத்துக்குக் கேக்கிய?"

"இல்ல, சும்மா. காலா காலத்துல பண்ணிக்கினா யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு."

பாவம், மனுஷன் அதற்கப்புறம் துணி காயப்போடக்கூட மாடியை விட்டு இறங்கவில்லை. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று என் மூளையை எடுத்துத் தூசி தட்டினேன். மறுநாள் காலையில் பாயை எடுத்து மூலையில் போட்டேன். "அம்மா, நான் வூட்டுக்குத் தூரம்."

அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்த மாதிரி! காபியில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதல். இசக்கி அண்ணனுக்கு எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு தட்டு போண்டா. சாயங்காலம்தான் அம்மா அலமாரியைத் திறந்தாள். நாப்கின் பாக்கெட் கடையில் வாங்கியபடியே பிரிக்காமல் இருந்தது. ஸ்கூலையே ஏமாற்றுகிற என்னை ஒரு பாக்கெட் காட்டிக் கொடுத்துவிட்டது நைனா.

"யார்டி அவன்?"

"எவனும் இல்லம்மா. சத்தியமா."

"உங்கப்பா மட்டும் இருந்திருந்தா..."

அதோடு நிறுத்திவிட்டாள். இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? என்னை நம்பியிருப்பாயா, இல்லை நீயும் வரும் வழியில் ஒரு பப்பாளி வாங்கியிருப்பாயா? எனக்கு உன் மேலும் கொஞ்சம் சந்தேகம்தான்.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். முதலில் யூரின் டெஸ்ட். "அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்று டாக்டர் சொன்னதும், அம்மா தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக் கும்பிட்டாள். அப்புறம் ஸ்கேன். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒரு ஜோக் சொல்லியிருந்தால் நான் தொலைந்தேன்.

"சினைப்பையில சின்னச் சின்னதா நீர்க்கட்டி மாதிரி தெரியுது. பிசிஓஎஸ்னு சொல்லுவோம். நிறைய பொண்ணுங்களுக்கு இருக்கு. நாள் தள்ளிப்போறது, பரு, மோவாயில முடி, வெயிட் ஏறுறது எல்லாத்துக்கும் இதுதான் காரணமா இருக்கும்."

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அம்மா மன்னிப்புக் கேட்பாள் என்று கெத்தாகத் திரும்பினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்போ இவளுக்குக் கொழந்தை பொறக்காதா டாக்டர்?"

அதே நாற்காலி, அதே அம்மா. கொஞ்ச நேரம் முன்னால் உள்ளே ஒன்று இருக்குமோ என்று நடுங்கியவள், இப்போது எப்போதுமே இருக்காதோ என்று நடுங்கினாள். வயிறு ஒன்றுதான் நைனா, சந்தேகம்தான் கட்சி மாறிவிட்டது.

"அப்படி இல்லம்மா. சிலருக்குக் கரு நிக்க நாளாகும், சிகிச்சை தேவைப்படும். பெத்துக்கிட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. இப்ப இவ படிக்கட்டும், நல்லா நடக்கட்டும், மாத்திரை சாப்பிடட்டும்."

ஷேர் ஆட்டோவில் அம்மா என் காதில் சொன்னாள்: "டாக்டருங்க மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொல்ல மாட்டாங்க." எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. குழந்தை வேண்டுமா என்று நான் அதுவரை யோசித்ததே கிடையாது. கிடைக்காமல் போகலாம் என்று ஒரு வார்த்தை விழுந்ததும், ரோட்டில் போகிற குழந்தையெல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. இது என்ன அநியாயம், சொல்லு?

அடுத்து கேன்டீன் மருத்துவம். அங்கே யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள், கல்யாணம் ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்று. நீர்க்கட்டிக்கு மருந்து தாலி கட்டுவதாம்! அம்மா நம்பிவிட்டாள். சுங்குவார்சத்திரத்தில் வசந்தா அத்தை, உன் தங்கச்சிதான், தன் பையன் தினேஷுக்கு என்னை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பொண்ணு காலேஜ் போகணும் என்று அதுவரை தட்டிக் கழித்த அம்மா, திடீரென்று போனில் தேன் ஒழுகப் பேசினாள். உன் முதல் வருஷத் தெவசத்தன்று பேசி முடிப்பது, எனக்குப் பதினெட்டு முடிந்ததும் தாலி. தண்டலம் காலேஜ் பேச்சையே காணோம்.

"இந்த நீர்க்கட்டி விஷயத்த வசந்தா காதுல போட்டுறாத. மூச்சு விடக் கூடாது."

"தினேஷ் மாமாவ ஏமாத்தச் சொல்றியா?"

"ஏமாத்தறது உனக்கு இன்னா புதுசா?"

நான் ஏமாற்றுகிறவள்தான் நைனா. ஆனால் என் விளையாட்டில் கடைசியில் ஏமாந்தவரும் சிரிப்பார். இதில் யார் சிரிப்பார்கள்? நாலு வருஷம் கழித்து அத்தை வீட்டு மூலையில் உட்கார்ந்து, 'தெரிஞ்சே கட்டி வெச்சாங்களா?' என்ற கேள்விக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

நாள் நட்சத்திரம் பார்க்காமல் செருப்புகூட வாங்காத அம்மா, ஒன்றுக்கு மட்டும் காலண்டர் பார்க்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள் வரை சாப்பிட்டு நிறுத்தியதும் சில நாளில் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது. உன் தெவசத்தன்று காலையில்.

சமையற்கட்டில் அம்மா உனக்குப் பிடித்த வஞ்சிரக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று மெல்லச் சொன்னேன். "அம்மா, வந்துடுச்சு."

"யாரு, வசந்தாவா?"

"அவங்களும்தான்."

அம்மாவுக்குப் புரிந்தது. ஒரு நொடி சிரித்தாள். அடுத்த நொடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். உன் படையலுக்குக் கற்பூரம் ஏற்ற வேண்டியவள் நான்தானே.

அத்தை தினேஷ் மாமாவோடு உள்ளே வந்தது. ஒயர் கூடையில் பூவும் வெற்றிலைபாக்கும் எட்டிப் பார்த்தன. உன் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டாகிவிட்டது.

"இன்னா பாப்பா, வெளியவே நிக்கற? வந்து ஏத்து." நான் அசையவில்லை. அத்தைக்குப் பொறி தட்டியது. "ஐயையோ, தூரமா? இன்னிக்கா? பரவால்ல அண்ணி, தினேஷு ஏத்தட்டும். மருமவன் தானே. அவ அந்தாண்ட உக்காரட்டும். அண்ணனுக்கு ஆவாது."

தினேஷ் மாமா தீப்பெட்டியைக் கையில் எடுத்தும் விட்டது.

"வெச்சுடு தினேஷு," என்றாள் அம்மா. "வசந்தா, இது வராம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாத்திரை குடுத்து வர வெச்சுக்கினு கீறேன். அவளுக்கு நீர்க்கட்டி. அவ அப்பனுக்கு அவதான் ஏத்துவா. ரேவு, உள்ள வாடி."

உள்ளே வந்தேன் நைனா. மூன்று குச்சி அணைந்து நாலாவதில்தான் பற்றியது.

அத்தை சாப்பிட்டது. குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னது. வெற்றிலைபாக்கு கூடையை விட்டு வெளியே வரவில்லை. "ஜாதகம் பாத்துட்டு சொல்றோம் அண்ணி" என்றது. எங்கள் ஜாதகம் எப்போதோ பார்த்து முடித்ததுதானே! போகும்போது தினேஷ் மாமா, "எங்க கம்பெனி லைன்லயும் ரெண்டு பொண்ணுங்களுக்கு இது கீது ரேவு. மாத்திரைய விட்டுடாத" என்றது. நல்ல மனசா, தப்பித்த சந்தோஷமா? தெரியவில்லை.

பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் கேட்டேன். "வாய் தவறி சொன்னியா, வேணும்னே சொன்னியா?"

"கழுவனத எடுத்து அடுக்கு."

அவ்வளவுதான். அந்த முகத்தை எத்தனை நாள் வேவு பார்த்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. உனக்கு அங்கிருந்து தெரிகிறதா?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி என்னைக் கேட்டு யார் வந்தாலும், அவர்கள் உட்காருவதற்குள் இதை நானே சொல்லிவிடுவேன். அம்மா சொல்ல வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. குழந்தை வேண்டுமா என்பதை நான் யோசிக்கிற வயதில் யோசித்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் காலேஜ் அப்ளிகேஷன் போட வேண்டும். நீ போட்டோவில் சிரிப்பது இதற்குத்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இருக்கட்டும், சிரி.

இப்படிக்கு,
உனக்குக் கற்பூரம் காட்டிய உன் ஒரே பிள்ளை,
ரேவதி