மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பெட்ரோல் வாசனை போகவில்லை. இதே வாசனையுள்ள கையோடு நீ முறுக்கை உடைத்து நீட்டினால் நான் முகத்தைச் சுளிப்பேன். இன்று என் கையிலேயே அந்த வாசனை. சுளிக்க ஆள்தான் இல்லை.

நம் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது உனக்குத் தெரியாது. நீ கண்ணை மூடிய பிறகு நடந்தது அது. மில் ஆபீசில் காலமெல்லாம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய கார். நீ ஓட்டுவாய். நான் இடப்பக்கம் உட்கார்ந்து, உனக்குத் தெரிந்த வழியையே உனக்குச் சொல்லிக்கொண்டு வருவேன். நீ விடாமல் நச்சரித்துத்தான் நானும் லைசென்ஸ் எடுத்தேன். அது இப்படி உதவும் என்று நினைக்கவில்லை.

ஆழ்வார்திருநகரிக்குப் போகும்போதெல்லாம் பெட்ரோல் பங்க்கில் நீ இறங்கிவிடுவாய். டேங்க் மூடியை யாரையும் தொடவிட மாட்டாய். நீயே திருகி, மூன்று முறை 'டக்' என்று கேட்டால்தான் கையை எடுப்பாய். ஏறியதும் என்னிடம், "ஏட்டி, மூணும் கேட்டுச்சா?" என்பாய். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டது என்று தலையாட்டுவேன். நீ என் காதைப் பார்ப்பாய். "பொய் சொல்லுத. காது செவந்துட்டு." அப்படியே இறங்கிப் போய் இன்னொரு முறை திருகிப் பார்த்துவிட்டு வருவாய்.

போன மாதம் அம்பையில் பெட்ரோல் போட்டபோது நான் இறங்கவில்லை. ஊற்றியவரே மூடினார். கேட்டுச்சா என்று என்னைக் கேட்க யாருமில்லை. சில நாளில் எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது.

அம்பை மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்றார். டேங்கில் சும்மா கிடந்தாலும் பெட்ரோல் ஆவியாகுமாம். அதை வெளியே விடாமல் ஒரு கரி டப்பாவில் பிடித்துவைத்து, பிறகு எஞ்சினுக்கு அனுப்பி எரிக்குமாம். வண்டி நின்று சூடு ஆறியதும், யாரும் சொல்லாமலே எல்லா வழியையும் அடைத்துக்கொண்டு, உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளுமாம். ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் பார்த்தால், மூடி பாதிதான் திருகியிருந்தது. எனக்கு உன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"மூடிய இறுக்கியாச்சு. கருவிய வச்சே விளக்க அழிச்சிருவேன்க்கா. ஆனா வண்டி தானா அணைச்சாத்தான் நெசம். தெனமும் ஓட்டுங்க, ராத்திரி ஆற விடுங்க. அதுவா பாத்துக்கிடும்" என்றார் மெக்கானிக்.

ஒற்றை ஆளுக்குக் கார் எதற்கு என்று என் தம்பி அதை விற்க ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டான். முக்கூடலில் அரிசிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. விளக்கு அணைந்ததும் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

அதற்காகவே தினமும் ஓட்டினேன். பாபநாசம் வரை போய், ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் சேரன்மாதேவி. நீ போன பிறகு வீட்டை விட்டு இவ்வளவு வெளியே போனதில்லை. இரவில் கதவையெல்லாம் சாத்திவிட்டுப் படுக்கும்போது, கொட்டகையில் காரும் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் தூக்கம் வந்தது.

இன்று காலை சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்குகளும் எரிந்து அணைந்தன. மஞ்சளும் அணைந்துவிட்டது. "அணஞ்சிட்டு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இடப்பக்கம் திரும்பினேன். அங்கே காலியாக இருந்தது என் இடம். உன் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி போன் செய்து, விளக்கு அணைந்துவிட்டதா என்று கேட்டார்.

"இன்னும் இல்ல அண்ணாச்சி. அது எப்ப அணையுமோ தெரியல. நீங்க வேற வண்டி பாத்துக்கிடுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நல்லவேளை, முக்கூடலில் இருப்பவருக்கு அது தெரியாது.

அப்புறம் பங்க்குக்குப் போனேன். நான் மூடுகிறேன் என்று சொல்லி இறங்கி நின்று, நீ செய்வது போலவே கையை எடுக்காமல் திருகினேன்.

ஏட்டி, மூணும் கேட்டுச்சு. வேணும்னா என் காதப் பாரு.